பூநாரையிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது?

பொங்கலை ஒட்டிய நாட்களில் ஆந்திரத்தின் சூலூர்பேட்டைக்குக் கூட்டம் வரும். சென்னையிலிருந்து புறநகர் ரயிலிலேயே போய்விடலாம் என்பதால் தமிழ்நாட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். கால் நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய பூநாரைத் திருவிழா, 2020-க்குப் பிறகு நின்றுபோய், 2025 ஜனவரியில் மீண்டும் நடந்தது. சூலூர்பேட்டையில் மேடையும் கலைநிகழ்ச்சியும், நேலப்பட்டில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள், பீமுனிவாரிபாளையத்தில் படகுச் சவாரி என்று அது ஊர் ஊராக விரியும். பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்து 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைத்தபோது, அதுவரை நெல்லூரோடு இருந்த இந்தப் பகுதி திருப்பதியோடு சேர்ந்தது. மலையும் கோயிலுமாக அறியப்பட்ட ஊரின் பெயரைத் தாங்கிய மாவட்டத்துக்கு, இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழியான பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி இப்படித்தான் வந்தது. முதலாவது ஒடிசாவின் சிலிகா.

பழவேற்காடு ஏரி பரந்தது, ஆனால் ஆழமில்லாதது. ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல்தீவு அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும் மார்கழி, தை மாதங்களில் ஏரியின் பெரும்பரப்பு முழங்கால் அளவுத் தண்ணீரும் சேறுமாக இருக்கும். நீண்ட கால் உள்ள பறவைகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. ஆந்திரப் பகுதியில் 481 சதுர கிலோமீட்டரும் தமிழ்நாட்டுப் பகுதியில் 153 சதுர கிலோமீட்டருக்கு மேலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் இங்கே மனிதர்கள் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மீனவர்கள் வலை போடுகிறார்கள். பீமுனிவாரிபாளையத்திலிருந்து இரக்கம் தீவுக்கு ஆட்களோடும் சாமான்களோடும் படகுகள் போகின்றன. ஏரியை மேற்கிலிருந்து கிழக்காக வெட்டிப் போகும் சாலையில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் பேருந்துகளும் லாரிகளும் ஓடுகின்றன. கரையில் மாடுகள் மேய்கின்றன, நாய்கள் திரிகின்றன. இவர்களோடு ஜனவரியில் வந்து சேரும் நாமும்.

இத்தனை பேர் ஒரே நீரைப் புழங்கும்போது, பறவைக்கு எவ்வளவு அருகில் போகலாம் என்ற கேள்வி எழும். ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்ல வேண்டிய கேள்வியல்ல இது. மீட்டரில் அளந்து விடை சொல்லக்கூடியது, பல நாடுகளில் அளந்தும் இருக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர், பின்னாளில் சூரிக் விலங்குக் காட்சிச்சாலையின் இயக்குநராக இருந்தவர், 1930-களிலேயே ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: ஒவ்வொரு விலங்குக்கும் மனிதனை அண்டவிடாத ஒரு தூரம் உண்டு, அதைத் தாண்டினால் அது ஓடிவிடும். பறவையியலில் இதைப் பறந்தெழும் தூரம் என்று சொல்லலாம். அதற்கு முன்பே இன்னொரு எல்லை இருக்கிறது. மேய்ந்துகொண்டிருக்கும் பறவை தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கிறதே, அது விழிப்புத் தூரம். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் பறவை பார்ப்பவரின் திறமை முழுவதும் இருக்கிறது.

அந்த வெளியில் நடப்பதைப் பூநாரைக் கூட்டத்திடம் தெளிவாகக் காணலாம். தொல்லை இல்லாத கூட்டத்தில் தலைகளே தெரியாது. வெளிர்ரோஜா உடல்கள் மட்டும் வரிசையாகத் தெரியும், கழுத்துகள் தண்ணீரை நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். ஓர் ஆள் கரையை விட்டுச் சேற்றில் இறங்கினால் அருகிலிருக்கும் இரண்டு மூன்று கழுத்துகள் நிமிரும். இன்னும் நெருங்கினால் நிமிர்ந்த கழுத்துகள் பத்து, இருபது என்று கூடும். பிறகு கூட்டம் ஒன்றையொன்று நெருங்கி இறுகும். எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பி, நமக்கு எதிர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் நின்றுவிட்டால் சில நிமிடங்களில் கழுத்துகள் ஒவ்வொன்றாக மீண்டும் தண்ணீருக்குள் இறங்கிவிடும். நிற்காமல் இன்னும் பத்தடி வைத்தால் முழுக் கூட்டமும் எழும். நிமிர்ந்த கழுத்துகளை எண்ணத் தெரிந்தவர் கடைசிக் கட்டத்துக்குப் போகவே மாட்டார்.

பறவை ஏன் நம்மைக் கண்டதுமே பறந்துவிடுவதில்லை? கனடாவில் ரொனால்ட் இடன்பர்க், லாரன்ஸ் டில் என்ற இருவர் 1986-இல் இதற்கு ஒரு கணக்கு சொன்னார்கள். ஓடுவதற்கும் செலவு உண்டு, இருப்பதற்கும் செலவு உண்டு. எதிரி தொலைவில் இருக்கும்வரை இரையை விட்டுப் போவதுதான் நட்டம். எதிரி நெருங்க நெருங்க இருப்பதன் ஆபத்து ஏறும். இரண்டு செலவும் சமமாகும் இடத்தில் பறவை எழும். ஒரே இனப் பறவை நல்ல மேய்ச்சல் கிடைத்த இடத்தில் நம்மைச் சற்று அருகில் விடுவதும், இரை குறைந்த இடத்தில் சட்டென்று போய்விடுவதும் இந்தக் கணக்கால்தான். பிற்பாடு டேனியல் பிளம்ஸ்டீனும் மற்றவர்களும் பல இனங்களில் அளந்து பார்த்தார்கள். உடல் பெரிய பறவைகள் பொதுவாகத் தொலைவிலேயே எழுந்துவிடுகின்றன. நாம் எவ்வளவு தூரத்திலிருந்து நெருங்கத் தொடங்குகிறோமோ, அந்த அளவுக்குச் சீக்கிரமாகவும் எழுகின்றன. வெட்டவெளியில் அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்தே நேராக நடந்துவருபவர் மீது பறவை அவ்வளவு நேரமும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும், அந்தக் கவனமே அதற்கு ஒரு செலவு. பழவேற்காட்டின் சேற்றுவெளியில் மறைவு ஏதும் கிடையாது. எனவே இங்கே நடந்து போய்ப் பூநாரையைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் எங்கிருந்து பார்ப்பது? அமெரிக்காவின் புளோரிடாவில் சானிபெல் தீவில் டிங் டார்லிங் என்ற நீர்ப்பறவைக் காப்பகம் இருக்கிறது. அதன் நடுவே வண்டிச் சாலை ஒன்று போகிறது. மேரி க்ளைன் அங்கே செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு, பறவைகளை அதிகம் கலைப்பது ஓடும் வண்டிகள் அல்ல, வண்டியிலிருந்து இறங்கி நெருங்கும் மனிதர்கள்தான் என்று காட்டியது. சூலூர்பேட்டை–ஸ்ரீஹரிகோட்டா சாலைக்கு இது அப்படியே பொருந்தும். கார் பறவைக்குப் பழகிய உருவம், அதன் திசை மாறாது, அது சேற்றில் இறங்கி வராது. கதவைத் திறந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, போனை நீட்டிக்கொண்டு சரிவில் இறங்கும் மனித உருவம் வேறு. வண்டியைச் சாலைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் ஓரங்கட்டி, உள்ளிருந்தே பைனாக்குலரில் பார்த்தால் கிடைக்கும் காட்சி, சேற்றில் இறங்கியவருக்குக் கிடைக்காது. இன்னொரு சின்னத் தகவல்: அந்தச் சாலை கிழக்கு மேற்காகப் போவதாலும் குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதாலும், சாலையின் வடபக்கத்துப் பறவைகள் மீது நாள் முழுக்க நல்ல வெளிச்சம் விழும். தென்பக்கம் பார்த்தால் கண் கூசும், பறவை நிழலுருவமாகத்தான் தெரியும்.

பறந்தால்தான் என்ன, மறுபடி வந்து உட்காராதா என்று கேட்பவர்கள் உண்டு. பூநாரை சாப்பிடும் விதத்தைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். அதன் அலகு நடுவில் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்தால்தான் அந்த வளைவுக்குப் பொருள் வரும். அப்போது மேலலகு கீழேயும் கீழலகு மேலேயும் இருக்கும். அலகின் ஓரங்களில் சீப்புப் பற்கள் போன்ற மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றன. சதைப்பற்றான தடித்த நாக்கு உள்ளே முன்னும் பின்னுமாக, நொடிக்குப் பலமுறை அசைகிறது. நாக்கு பின்னால் போகும்போது தண்ணீரும் சேறும் உள்ளே வரும், முன்னால் வரும்போது தகடுகள் வழியாக வெளியேறும். சிறு இறால்கள், பூச்சிப் புழுக்கள், நுண்ணிய நத்தைகள் உள்ளே தங்கும். கால்களும் சும்மா இருப்பதில்லை. ஒரே இடத்தில் மிதித்துச் சேற்றைக் கிளறிக்கொண்டே, தலையை மையமாக வைத்து வட்டமாகச் சுற்றிவரும். வற்றிய சேற்றில் அவை விட்டுச்சென்ற வட்ட வட்டமான தடங்களைப் பார்க்கலாம். இப்படி ஒவ்வொரு வாய்த் தண்ணீராக வடிகட்டித்தான் 2 முதல் 4 கிலோ எடையுள்ள ஒரு பறவை வயிற்றை நிரப்ப வேண்டும். அதற்கு மணிக்கணக்கான நேரம் வேண்டும். சிறகை விரித்ததும் எழவும் அதனால் முடியாது, தண்ணீர் மேல் சில அடிகள் ஓடித்தான் கிளம்பும். நாமக்கோழியும் அப்படித்தான் தண்ணீரைக் காலால் அறைந்துகொண்டு ஓடும். வாத்துகள் சட்டென்று எழும், ஆனால் பறக்கும்போது அவற்றுக்கு ஆகும் ஆற்றல், சும்மா இருக்கும்போது ஆவதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மார்ச் வாக்கில் இமயத்துக்கு அப்பால் திரும்பிப் போகக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய பறவைகள். ஒரு படகு கலைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. காலை எட்டு மணியிலிருந்து அரைமணிக்கு ஒரு படகு கலைத்தால் அந்தப் பறவைக்கு மேய்ச்சல் நாளே கிடையாது.

வாத்துகள் தூங்குவதுகூட ஆபத்தைப் பொறுத்து மாறுகிறது. 1999-இல் நீல்ஸ் ராட்டன்போர்க் குழுவினர் காட்டு வாத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கின. ஓரத்தில் இருந்தவை ஒரு கண்ணைத் திறந்துவைத்தே தூங்கின, அதுவும் கூட்டத்துக்கு வெளிப்புறம் பார்க்கும் கண்ணை. மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி காவல் இருக்கிறது. மதிய வேளையில் கரையோரம் அலகைச் சிறகுக்குள் செருகி அசையாமல் இருக்கும் வாத்துக் கூட்டத்தைப் பைனாக்குலரில் நிதானமாகப் பாருங்கள். ஓரத்து வாத்தின் திறந்த கண் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பறக்கவில்லை என்பதாலேயே பறவைக்குத் தொல்லை இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. ஜெனிஃபர் கில்லும் உடன் எழுதியவர்களும் 2001-இல் சொன்னது இது: போவதற்கு வேறு நல்ல இடம் இருக்கும் பறவை சீக்கிரம் எழுந்து போய்விடும், போக்கிடம் இல்லாத பறவைதான் தாங்கிக்கொண்டு இருக்கும். தாங்கிக்கொள்வதைப் பழகிவிட்டது என்று நாம் தவறாகப் படிக்கிறோம். தென்னமெரிக்காவில் அடைகாக்கும் ஹம்போல்ட் பெங்குவின்களின் இதயத்துடிப்பை அளந்தவர்கள், 150 மீட்டர் தள்ளி ஒரு மனிதர் நடந்து போனாலே துடிப்பு ஏறியதைக் கண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தவருக்கு அந்தப் பறவை அசையாமல்தான் உட்கார்ந்திருந்தது.

கூட்டில் இருக்கும் பறவை விஷயத்தில்தான் இது மிகவும் முக்கியமாகிறது. சூலூர்பேட்டைக்கு வடக்கே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி உள்ளே போனால் நேலப்பட்டு. 458 ஹெக்டேர் பரப்புள்ள சரணாலயம், நடுவே ஏரி, தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். மழைக்குப் பிறகு அந்த மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் அங்கே அக்கம்பக்கத்துக் குடித்தனங்கள். தெளிந்த வெயில் நாளில் நடுப்பகலில் பார்த்தால், நாரைத் தாய் கூட்டின் விளிம்பில் சூரியனுக்கு முதுகைக் காட்டி இரண்டு சிறகையும் பாதி விரித்தபடி நிற்கும். அடியில் குஞ்சுகள் நிழலில் இருக்கும். இறகு முளைக்காத குஞ்சுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி இல்லை. அந்த நேரத்தில் யாரோ கை தட்டியோ, மரத்தடிக்கே போயோ தாயைக் கிளப்பிவிட்டால் நிழல் போய்விடும். காலியான கூட்டைக் காகம் பார்த்துக்கொண்டே இருக்கும், முட்டையைத் தூக்கிப்போக அதற்கு ஒரு நிமிடம் போதும். புளோரிடாவில் ராட்ஜர்ஸ், ஸ்மித் என்ற இருவர் கூடு கட்டும் கூட்டங்களின் பறந்தெழும் தூரத்தை அளந்து 1995-இல் பரிந்துரைத்த இடைவெளி, மரத்தில் கூடு கட்டும் கொக்கு நாரை வகைகளுக்குச் சுமார் 100 மீட்டர், தரையில் கூடு கட்டும் ஆலாக்களுக்கு 180 மீட்டர். நேலப்பட்டில் கண்காணிப்புக் கோபுரமும் கரைப்பாதையும் இருப்பதால் அந்த இடைவெளியைக் காப்பது கஷ்டமே இல்லை. பைனாக்குலர் இல்லாதவர்களுக்கு வாசலில் வாடகைக்குக் கொடுத்தால், கிட்டே போக வேண்டும் என்ற ஆசையில் பாதி அங்கேயே அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

இந்த இடைவெளியை வெளிநாட்டு ஆய்வுகள் வந்துதான் நமக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது என்றில்லை. வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து 1798-இலேயே பாதுகாப்பு ஆணை வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஊருக்குள் இருக்கும் ஏரிகளுக்கு வருவோம். சித்தூர் கட்டமஞ்சி, திருப்பதி அவிலாலா போன்றவை பாசனத்துக்கு வெட்டப்பட்டு, நகரம் வளர்ந்து சூழ்ந்துகொண்ட நீர்நிலைகள். இப்படிப்பட்ட ஏரிகளைப் பூங்கா ஆக்க வேண்டும் என்றவுடன் முதலில் வரும் திட்டம், சுற்றிலும் நடைபாதை, நடுவில் படகு. நடக்க இடம் வேண்டும் என்ற மக்களின் தேவை நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடைபாதை ஏரியை முழு வட்டமாகச் சுற்றினால் பறவை எந்தப் பக்கம் நகர்ந்தாலும் எதிரே ஒரு மனிதர் வருவார். பாதையை இரண்டு பக்கத்தோடு நிறுத்தி, மற்ற கரையில் சம்பையும் நாணலும் வளரவிட்டால் அதே ஏரியில் இருவருக்கும் இடம் கிடைக்கும். நகரத்துப் பறவைகள் நடப்பவரைக் கண்டு மிரளாத அளவுக்குப் பழகிக்கொள்ளும். பாதையிலேயே போகிறவரை அவை முன்கூட்டியே கணிக்க முடிகிறது. கட்டவிழ்த்த நாயைக் கணிக்க முடிவதில்லை.

படகு விஷயத்தில் வேகம்தான் எல்லாம். முக்குளிப்பான் என்ற குட்டிப் பறவை பாசியையும் களையையும் குவித்துத் தண்ணீர் மேலேயே மிதக்கும் கூடு கட்டுகிறது. ஆபத்து மெதுவாக வந்தால், அது கூட்டை விட்டு இறங்குவதற்குள் அலகால் ஈரக் களையை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் முங்கும். மூடிய கூடு காகத்தின் கண்ணுக்கு வெறும் பாசித் திட்டு. விசைப்படகு திடீரென்று வந்தால் மூட நேரம் இருக்காது. வெளுத்த முட்டைகள் வானத்தைப் பார்த்துக் கிடக்கும், பின்னால் வரும் அலை கூட்டையும் நனைக்கும். துடுப்புப் படகுக்கும் விசைப்படகுக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பறவைக்கு ஓர் ஈட்டு முட்டை.

பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். ஏரியைப் பங்கிட்டுக்கொள்வது அங்கே புதிதல்ல. ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்தை ஒட்டிய மீனவ கிராமங்களில் பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. எந்தக் குழு, எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். நல்ல இறால் விழும் இடம் எப்போதும் ஒருவருக்கே போய்விடாது. பாடு முறையில் இடம் கிடைக்காத சமூகங்களும் உண்டு, அவர்களுடைய குறை நியாயமான குறை. ஆனால் ஒரே நீரை இடத்தாலும் நேரத்தாலும் பிரித்துப் புழங்கலாம் என்ற அறிவு அந்த ஏரிக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சுற்றுலாப் படகுக்கும் அப்படி ஒரு பாடு வைக்கலாம்: பூநாரை மேயும் சேற்றுத் திட்டுகளைத் தவிர்த்த ஒரு நிலையான படகு வழி, அதன் ஓரத்தில் மிதவைகள், தை மாசியில் காலை மேய்ச்சல் நேரத்துக்கு ஓய்வு. வழி மாறாத படகைப் பறவை சில வாரங்களில் புரிந்துகொள்ளும், இரக்கம் தீவுக்குப் போகும் படகை அது இப்போதே அறியும்.

மிதவையை எங்கே கட்டுவது என்பதற்குப் புளோரிடாவின் எண்ணைக் கடன் வாங்க வேண்டாம். பறந்தெழும் தூரம் இடத்துக்கு இடம் மாறும், வேட்டைக்குப் பயந்த ஊரில் அதிகம், பயமில்லாத ஊரில் குறைவு. இதை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, பறவைகளை வேண்டுமென்று கலைக்கவும் தேவையில்லை. எப்படியும் படகுகள் போகத்தான் போகின்றன. லேசர் தூரமானியும் நோட்டுப்புத்தகமும் வைத்துக்கொண்டு, திருப்பதி, சூலூர்பேட்டைக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கக் கரையிலிருந்து பார்த்தால் போதும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நம் பகுதியில் ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்களை வைத்தே நடந்துவருகிறது, அதே ஆட்கள் இதையும் செய்யலாம். எழுத வேண்டியவை: படகின் வகை, வேகம், அது எங்கிருந்து நெருங்கத் தொடங்கியது, முதல் கழுத்து நிமிர்ந்தபோது எவ்வளவு தூரம், கூட்டம் நடக்கத் தொடங்கியபோது எவ்வளவு, எழுந்தபோது எவ்வளவு, கூட்டத்தில் எத்தனை பறவைகள், காற்று எந்தப் பக்கம், மீண்டும் மேயத் தொடங்க எத்தனை நிமிடம். மிதவையை முதல் கழுத்து நிமிரும் தூரத்துக்கு வெளியே கட்ட வேண்டும், கூட்டம் எழும் தூரத்தில் அல்ல.